பிடில் வாத்தியார் பாட்ரிக் ஓகீஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்ரிக் ஓகீஃப் யார்?

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி, கார்க் என்ற இரண்டு மாவட்டங்கள் சந்திக்கும் மேட்டு நிலத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாக நடந்து பிடில் சொல்லிக்கொடுத்தவர். 1887 அக்டோபரில் கேசில் ஐலண்ட் என்ற சிறுநகருக்குப் பக்கத்தில் உள்ள கிளவுன்டேனில் பிறந்தார். 1963 பிப்ரவரியில் இறந்தார். உயிரோடு இருந்தவரை அவர் வாசித்த ஓர் இசைத்தட்டுகூடக் கடைக்கு வரவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் இன்று பிடில் வாசிக்கும் ஒருவரைப் பிடித்து, யாரிடம் கற்றீர்கள், அவர் யாரிடம் கற்றார் என்று இரண்டு மூன்று படி ஏறிப் போனால், பெரும்பாலும் ஓகீஃபிடம்தான் போய் நிற்போம்.

ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கையைக் கேட்டால் எத்தனை கச்சேரி, எத்தனை தட்டு, என்ன விருது என்றுதான் நாம் கணக்குப் பார்ப்போம். ஓகீஃபை அந்தக் கணக்கில் எழுதவே முடியாது. பிள்ளைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தாள்களும், அந்தத் தாளை வைத்துப் பழகிய விரல்களும்தான் அவருடைய வாழ்நாள் சம்பாத்தியம். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்குக் காரணமே அந்தத் தாள்கள்தான்.

பெயரை எப்படிச் சொல்வது?

பாட்ரிக் என்பது ஐரிஷ் மொழி வடிவம். ஆங்கிலத்தில் பேட்ரிக். இரண்டு வடிவத்திலும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். இரண்டுமே சரிதான்.

ஷ்லீவ் லூக்ரா என்று சொல்கிறார்களே, அது எந்த ஊர்?

அது தனி ஓர் ஊர் இல்லை, ஒரு வட்டாரம். ஷ்லீவ் என்றால் மலை. லூக்ரா என்றால் கோரை. கோரை மண்டிய மலை என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்க வரைபடத்தில் இதற்கு எல்லைக்கோடு கிடையாது. ஸ்கார்ட்டக்லின், நீவ்குவில்லா, பாலிடெஸ்மண்ட், நாக்நக்ரீ, கிஸ்கீம் என்று அடுத்தடுத்த ஊர்களைச் சொல்லித்தான் அதை அடையாளம் காட்டுவார்கள். எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சதுப்பும் மழையும் அதிகம், விளைச்சல் குறைவு. சின்னச் சின்னப் பால்பண்ணைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வீடுகள்.

இசைக்கு முன்பே இந்த மண் கவிதைக்குப் பேர்போனது. ஐரிஷ் மொழியின் பெருங்கவிகளில் இருவர், ஈகன் ஓ ராஹில்லியும் ஓவன் ருவா ஓ சூலிவானும், இங்கே பிறந்தவர்கள். பழைய ஐரிஷ் பிரபுக்குடிகள் நிலமிழந்து அழிந்ததைக் கண்முன்னே பார்த்துப் பாடியவர் முதலாமவர். இரண்டாமவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். கூலிவேலை, கப்பற்படை, பள்ளிக்கூடம் என்று அலைந்தவர். ஓகீஃபைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓவன் ருவாதான் நினைவுக்கு வருகிறார். படித்தவர், பள்ளி நடத்தியவர், ஓரிடத்தில் நிற்காதவர், குடிப்பவர், ஊரே கொண்டாடியவர். ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மண்ணில் இரண்டு பேர்.

பிடில் என்பது வயலின்தானா, வேறு வாத்தியமா?

வயலின்தான். மரம், தந்தி, வில் எதிலும் வேறுபாடு இல்லை. நாட்டார் இசை வாசிக்கும்போது அதை ஃபிடில் என்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் வயலினைப் பிடில் என்றுதானே சொன்னார்கள்? அது அதே சொல்தான்.

வாசிக்கும் முறைதான் வேறு. நம் வித்வான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் தாங்கி, தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அயர்லாந்தில் நாற்காலியில் உட்கார்ந்து தோளிலோ மார்பிலோ சாய்த்துப் பிடிக்கிறார்கள். நான்கு தந்திகளின் சுருதி ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்கள். இடது கை பெரும்பாலும் கழுத்தின் மேல்முனையிலேயே இருக்கும். கீழே இறங்கி உச்ச சுரங்களைத் தேடுவது அபூர்வம். சுரத்தை வழுக்கி அசைக்கும் நம் கமகம் அங்கே மிகக் குறைவு. அதற்குப் பதில், ஒரு சுரத்தின் மேலும் கீழும் உள்ள சுரங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தொட்டு வருவார்கள். வேலையில் பாதி வில்லில் இருக்கிறது.

நமக்கும் அந்த இசைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று இன்றும் குழந்தைகள் கற்கும் அந்த உருப்படிகளில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து மெட்டுகளும் இருக்கின்றன.

ஓகீஃப் யாரிடம் கற்றார்?

தாய்வழியில் வந்த வித்தை. அப்பா ஜான் ஓகீஃப் கிளவுன்டேன் பள்ளியின் தலைமையாசிரியர். அம்மா மார்கரெட், கார்க் மாவட்டத்தில் கிஸ்கீமுக்குப் பக்கத்து டூன் என்ற ஊர்க்காரர். கன்சர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியமும் பிடிலும் அவருக்குத் தெரியும். பாட்ரிக் சிறுவயதில் நீண்ட காலம் டூனில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். அங்கே தாய்மாமன் கேல் ஓகாலகன் இருந்தார். நல்ல பிடில் கலைஞர். அமெரிக்காவின் ஒஹையோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பாட்ரிக்கின் பாடாந்தரத்தில் பெரும்பகுதி இந்த மாமனிடமிருந்து வந்தது. மாமன் பேரைத் தாங்கிய மெட்டுகளை அந்த வட்டாரத்தில் இப்போதும் வாசிக்கிறார்கள்.

அப்பா வழியில் வந்தது பள்ளிக்கூடம், அம்மா வழியில் வந்தது பிடில். இந்த இரண்டும் ஒருவருக்குள் எப்படி மோதிக்கொண்டன என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆசிரியர் வேலையை ஏன் இழந்தார்?

டப்ளினில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வந்து, 1915இல் அப்பா இருந்த அதே பள்ளியில் தலைமையாசிரியர் ஆனார். கிராமத்தில் அது எவ்வளவு பெரிய இடம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. நிலையான சம்பளம், மரியாதை, பாதிரியாருக்கு அடுத்த நாற்காலி. ஐந்தே ஆண்டுகளில், 1920இல், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

காரணம் மறைக்கக்கூடியது அல்ல. கட்டுப்பாட்டுக்குள் நிற்கும் சுபாவம் அவருக்கு இல்லை. குடியும் இருந்தது. இரவு முழுக்க வாசித்தவருக்குக் காலை மணி அடிப்பதும் வருகைப்பதிவு எடுப்பதும் ஒத்துவரவில்லை. அது அயர்லாந்தின் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கெர்ரி அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டம். ஊரே கொந்தளித்துக் கிடந்தபோது முப்பத்திரண்டு வயது மனிதர் கையிலிருந்த ஒரே வேலையையும் இழந்து வெளியே வந்தார். மறுபடி எந்தப் பள்ளியிலும் அவர் சேரவில்லை.

இதை அவருடைய வீழ்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வகுப்பறையை இழந்தாரே தவிர, வாத்தியார் வேலையை அவர் கடைசிவரை விடவே இல்லை.

அதன் பிறகு பிழைப்பு எப்படி நடந்தது?

நடையாய் நடந்துதான். வாரத்தில் இந்த நாள் இந்தப் பக்கம், அந்த நாள் அந்தப் பக்கம் என்று மேடும் சதுப்பும் கடந்து பண்ணை வீடுகளுக்குப் போவார். பாடம் நடக்கும் இடம் சமையலறை. அந்த ஊர்ப் பண்ணை வீட்டில் சமையலறைதான் கூடம், திண்ணை எல்லாம். சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண் அடுப்பில் எரியும். அதைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் கற்பார்கள். சில இடங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். கிடைத்தது சொற்பக் காசு. அதோடு சாப்பாடு, சில இடங்களில் இரவு தங்க ஒரு கட்டில்.

நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொண்டால் படம் தெளிவாகும். ஒரே வித்தியாசம், இங்கே பிள்ளைகள் திண்ணைக்கு வரவில்லை, வாத்தியாரே வீடு தேடிப் போனார்.

இப்படிப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்களை அங்கே பிடில் மாஸ்டர் என்பார்கள். ஓகீஃப் இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் இல்லை. அவருக்கு மூத்தவர், பாலிடெஸ்மண்ட் பக்கத்து டாம் பில்லி மர்ஃபி, கண் பார்வை இல்லாதவர். கழுதையில் ஏறி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஓகீஃபோடு அந்த வரிசை முடிந்தது என்பதால்தான் அவரைக் கடைசிப் பிடில் மாஸ்டர் என்று குறிப்பிடுகிறார்கள்.

பாடம் இல்லாத இரவுகளில் ஸ்கார்ட்டக்லினில் உள்ள லயன்ஸ் மதுக்கடையில் அவரைப் பார்க்கலாம். மாணவர்களும் அங்கேயே தேடி வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிடிலையே தன் வீட்டுக்காரி என்று சொல்வாராம்.

அவர் எழுதிக்கொடுத்த தாள்களில் அப்படி என்ன விசேஷம்?

ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைத்து எழுதும் ஐரோப்பிய முறை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பண்ணை வேலை முடித்து வந்து உட்காரும் பிள்ளைக்கு அது தெரியாது. அதைக் கற்பிக்கவே ஆறு மாதம் ஆகும். அதற்குள் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும். எனவே தனக்கென்று ஓர் எழுத்து முறையை வைத்துக்கொண்டார்.

அதே ஐந்து கோடுகள்தான். ஐந்து கோட்டுக்கு நடுவே நான்கு இடைவெளி. பிடிலுக்கு நான்கு தந்தி. ஒரு தந்திக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஓர் எண்ணை எழுதினார். 0 என்றால் விரல் வைக்காமல் தந்தியை அப்படியே இழு. 1 ஆள்காட்டி விரல், 2 நடுவிரல், 3 மோதிர விரல், 4 சுண்டுவிரல். அவ்வளவுதான். ஏ தந்தியின் இடைவெளியில் 0, 1, 3 என்று இருந்தால், வெறும் தந்தி, ஆள்காட்டி, மோதிரம். சுரத்தின் பெயரே தெரியவேண்டாம். எண் படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளை முதல் நாளே மெட்டின் முதல் வரியை இழுத்துவிடலாம்.

பிடிலோடு நிற்கவில்லை. அக்கார்டியன் கற்க வந்தவர்களுக்குத் தனி முறை. எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்பதற்கு எண். துருத்தியை உள்ளே தள்ளுவதா வெளியே இழுப்பதா என்பதற்கு ஓர் அடையாளம். வாத்தியத்துக்கு ஏற்ப எழுத்தை மாற்றினார். ஒரு நல்ல ஆசிரியரின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். பிள்ளைக்கு எது தெரியும் என்பதிலிருந்து தொடங்கும்.

வரும்போது ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். வாசித்துக் காட்டுவார். அடுத்த முறை வரும்வரை பிள்ளை அந்தத் தாளை வைத்துச் சாதகம் செய்ய வேண்டும். வந்ததும் கேட்பார், திருத்துவார், அடுத்த தாள். இப்படி எழுதிய தாள்கள் அந்த வட்டாரத்து வீடுகளில் அலமாரியிலும் பெட்டியடியிலும் கிடந்து தப்பின. அவற்றில் நூற்றுக்கணக்கானவை இன்று கிடைத்திருக்கின்றன.

அந்தத் தாள்களின் படங்களைப் பார்த்தபோது என்னை அசர வைத்தது எழுத்தின் சுத்தம். வாழ்க்கையில் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவர் என்று பெயரெடுத்த மனிதரின் கையெழுத்து, அச்சடித்தது போல வரிசையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கை அது.

தாளைப் பார்த்து வாசித்தால் அவர் பாணி வந்துவிடுமா?

வராது. விரல் எங்கே என்று எண் சொல்லும். மெட்டு எப்படி ஆட வேண்டும் என்பதைச் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் சுரப்படுத்திய புத்தகங்களுக்கும் இதே நிலைதானே? புத்தகத்தில் உள்ள வர்ணமும் குரு பாடும் வர்ணமும் ஒன்றா? தாள் நினைவுக்கு ஒரு பிடிமானம். மற்றதெல்லாம் கேள்வி ஞானம்.

அங்கே வாசிப்பது எந்த மாதிரி மெட்டுகள்?

அயர்லாந்தின் மற்ற பகுதிகளில் ரீல், ஜிக் என்ற இரண்டு வகையே ஆட்சி செய்கின்றன. ஷ்லீவ் லூக்ராவின் அடையாளம் போல்காவும் ஸ்லைடும்.

போல்கா, ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவிய ஆட்டம். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் செட் நடனத்தோடு சேர்ந்து கெர்ரிக்குள் வந்து அங்கேயே ஊறிவிட்டது. இரண்டு தட்டு, ஒவ்வொன்றும் சதுஸ்ரமாக, அதாவது நான்காக, உடையும். வாசிப்பவர்கள் வில்லின் அழுத்தத்தைத் தட்டு விழும் இடத்தில் கொடுக்காமல் அதற்கு அடுத்த பாதியில் கொடுப்பார்கள். கேட்கிறவர் கால் தானாக எழும்பும். ஸ்லைடு என்பது நான்கு தட்டு, ஒவ்வொன்றும் திஸ்ரம், அதாவது மூன்றாக உடையும். ஓடும் வேகத்தில் அது உருண்டுகொண்டே போவதுபோல இருக்கும்.

இதெல்லாம் காதுக்காக மட்டும் பிறந்த இசை இல்லை, காலுக்காகப் பிறந்தது. கல் பாவிய தரையில் ஆணியடித்த பூட்ஸ் தட்டும் ஒலியும் அதன் ஒரு பகுதி. போல்காவை எளிய மெட்டு என்று ஒதுக்கும் வாசிப்பாளர்கள் அயர்லாந்திலேயே இருந்தார்கள். எட்டு எட்டு ஆவர்த்தனமாக இரண்டு பகுதி, அதில் என்ன இருக்கிறது என்பார்கள். அதே எட்டை நூறு முறை வாசித்தும் ஆடுபவர்களைச் சோர்ந்து உட்கார விடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று வாசித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அவருடைய தனிச்சிறப்பு எது?

தாளக்கட்டு இல்லாத மெதுவான மெட்டுகள். ஐரிஷ் மொழிப் பாடல்களின் மெட்டைப் பாடகர் மூச்சு விடுவதுபோல நிறுத்தி, நீட்டி வாசிப்பது. நம்மிடம் விருத்தம் பாடுவார்களே, அதற்கு மிக அருகில் இருக்கும். சொல்லின் போக்குத்தான் தாளம். ஓ ராஹில்லியின் கல்லறை என்று பொருள்படும் ஒரு மெட்டு அவர் வாசிப்பில் பதிவாகியிருக்கிறது. தன் மண்ணில் பிறந்த கவிஞனுக்கான ஒப்பாரி அது. ஒரு சுரத்தை ஆரம்பத்தில் மெலிதாகத் தொட்டு, வில்லை இழுக்க இழுக்கக் கனமாக்கி, முடியும் முன்பே விட்டுவிடுவார். அந்த விட்ட இடத்தின் மௌனம்தான் என்னை மறுபடி மறுபடி கேட்க வைக்கிறது.

இன்னொன்று தொட்டில் ஆட்டும் கிழவனைப் பற்றிய மெட்டு. அதில் குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு அழ வேண்டும். ஒரு பெரிய கதவுச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாசிக்கும்போதே அதைத் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தொடுவார். ஒலி மூக்கடைத்தாற்போல் மாறும். பிடில் அம்மா, அம்மா என்று அழும். சமையலறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பாதித்ததா?

அவர் நம்பியிருந்த உலகத்தையே பாதித்தது. பொது நடன மண்டபச் சட்டம் என்று அயர்லாந்து அரசு கொண்டுவந்தது. பொது நடனம் நடத்த நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். சட்டம் மண்டபங்களைப் பற்றிப் பேசினாலும், பல ஊர்களில் பாதிரியார்களும் காவலர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளில் நடந்த ஆட்டங்களையும் நாற்சந்தி ஆட்டங்களையும் தடுத்தார்கள். இதோடு ஆட்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். ஆடுவதற்கு இளவட்டம் குறைந்தது. வானொலியும் புதுவகை இசைக்குழுக்களும் வந்தன. இத்தனைக்கும் நடுவே அவர் தாள் எழுதிக்கொண்டு நடந்தார்.

அப்படியானால் அவர் வாசித்ததை நாம் இன்று எப்படிக் கேட்க முடிகிறது?

ஷேமஸ் என்னிஸ் என்ற மனிதரால். ஐரிஷ் பைப் வாத்தியத்தில் பெரிய மேதை. நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேகரித்தவர். 1947இல் அயர்லாந்து வானொலியில் சேர்ந்தார். தட்டில் நேரடியாக ஒலியைச் செதுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஓகீஃபைப் பதிவு செய்தார். பின்னர் பிபிசிக்காக 1952இல் கேசில் ஐலண்டில் ஒரு மதுக்கடையில் வைத்து ஓகீஃபையும் அவருடைய இரண்டு மாணவர்களையும் பதிவு செய்தார். அந்த 1952 பதிவு இசைத்தட்டாக வெளிவந்தது 1977இல். ஓகீஃப் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வானொலிப் பதிவுகள் குறுந்தகடாக வர 1993 ஆயிற்று.

இதை இன்னொரு வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கலாம். ஸ்லைகோ மாவட்டத்து மைக்கேல் கோல்மன் (1891–1945) ஓகீஃபுக்கு மூன்று வயது இளையவர். 1914இல் அமெரிக்கா போனார். 1921 முதல் 1936 வரை நியூயார்க்கில் ஏறக்குறைய எண்பது தட்டுப் பதிவுகளுக்கு வாசித்தார். அந்தத் தட்டுகள் கப்பலில் அயர்லாந்துக்கு வந்து, ஊர் ஊராக எல்லோரும் ஸ்லைகோ பாணியைப் பின்பற்றும்படி செய்தன. பல வட்டாரங்களின் சொந்த நடை அதில் கரைந்தது. ஷ்லீவ் லூக்ராவில் மட்டும் போல்காவும் ஸ்லைடும் கரையாமல் நின்றதற்கு, வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த ஒரு வாத்தியார் முக்கியமான காரணம் என்பது என் எண்ணம். கோல்மன் மாபெரும் கலைஞர், அதில் ஐயமே இல்லை. ஆனால் தட்டில் கேட்பவர் பிழையாக வாசித்தால் தட்டு திருத்தாது.

அவர் மாணவர்கள் யார் யார்?

நீவ்குவில்லா பக்கம் லிஷீனில் மர்ஃபி குடும்பம். நெசவாளர் வீடு என்று அதற்குப் பட்டப்பெயர். அந்த வீட்டு டெனிஸ் மர்ஃபியும் (1910–1974) அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் (1914–1997) ஓகீஃபின் புகழ்பெற்ற சீடர்கள். 1952 பதிவில் வாத்தியாரோடு வாசித்த இருவர் இவர்கள்தான். அண்ணன் மேல் ஸ்தாயியில் மெட்டை வாசிக்க, தங்கை அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் சேர்த்து வாசிப்பார். இடம் மாற்றிக்கொள்வதும் உண்டு. இருவரும் சேர்ந்து வாசித்த 1969ஆம் ஆண்டுத் தட்டுதான் ஷ்லீவ் லூக்ரா இசையை வெளியுலகுக்குக் காட்டியது. டெனிஸ் பல ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். ஜூலியா லண்டனில் வாழ்ந்து, பிற்காலத்தில் இங்கிலாந்தின் தெட்ஃபர்டில் இருந்தார். கெர்ரியில் ஒரு சமையலறையில் எண்ணாக எழுதிக் கொடுத்த மெட்டு, லண்டன் மதுக்கடையில் புலம்பெயர்ந்த தொழிலாளிகளுக்காக ஒலித்தது.

பாடி குரோனின் (1925–2014) 1949இல் பாஸ்டனுக்குப் போய் அந்த நகரத்து ஐரிஷ் இசைக்குத் தூணாக நின்றார். 2004இல் மறைந்த ஜானி ஓலியரி அக்கார்டியன் கலைஞர். 1960களிலிருந்து நாக்நக்ரீயில் ஒரு மதுக்கடையில் செட் நடனத்துக்குத் தவறாமல் வாசித்தார். முதலில் டெனிஸ் மர்ஃபி அவருக்கு ஜோடி. மெட்டுகளின் களஞ்சியம் என்றே அவரைச் சொல்வார்கள். இவர்கள் பெயர் வெளியே வந்தவர்கள். வெளியே வராமல் தங்கள் வீட்டிலும் உறவினர் கல்யாணத்திலும் மட்டும் வாசித்தவர்கள் இவர்களைவிட அதிகம்.

குடியைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமே?

பேசாமல் விட்டால் அவரைப் பாதி மனிதராக்கிவிடுவோம். அதே சமயம், குடித்ததால்தான் அப்படி வாசித்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. குடி அவருக்கு வேலையை இழக்க வைத்தது, வறுமையைக் கொடுத்தது, முதுமையில் தனிமையைக் கொடுத்தது. அவர் வாசிப்புக்குக் காரணம் அம்மா, மாமன், இடைவிடாத சாதகம். இரண்டையும் கலக்கக் கூடாது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

கிளவுன்டேன் வீட்டில் தனியாக. உடல் தளர்ந்த பிறகும் நடை குறையவில்லை. 1962–63 குளிர்காலம் அந்தத் தீவுகளில் நூற்றாண்டின் மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று. அந்தக் குளிர் முடியும் முன்பே, டிரலீ நகர மருத்துவமனையில் 1963 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது எழுபத்தைந்து.

இன்று அந்த ஊரில் அவருக்கு என்ன அடையாளம் இருக்கிறது?

ஸ்கார்ட்டக்லினில் மார்பளவு சிலை இருக்கிறது. கேசில் ஐலண்டில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் அவர் பெயரில் இசை விழா நடக்கிறது. மாட் கிரானிச் என்ற பிடில் கலைஞர் ஓகீஃபைப் பற்றியும் அந்த வட்டாரப் பிடில் மரபைப் பற்றியும் லிமரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். வில்லின் அசைவைச் சுரம் சுரமாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு அது. 1987இல் டப்ளினில் தொடங்கிய ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம், ஓகீஃபின் கையெழுத்துத் தாள்களைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நான் பார்த்த படங்கள் அவைதான்.

வயலின் கற்றவர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து ஒரு மெட்டு வாசிக்க முடியுமா?

முடியும். கர்நாடகச் சுருதியில் வைத்திருந்தால் முதலில் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண் சரியாக இருந்தும் மெட்டு கோணலாக வரும். ஒரு போல்காவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியை இரண்டு முறை, இரண்டாம் பகுதியை இரண்டு முறை, மறுபடி ஆரம்பத்திலிருந்து. கமகத்துக்குப் பழகிய விரல் எல்லாச் சுரத்தையும் அசைக்கப் பார்க்கும். அதைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். வேகம் பிறகு வரட்டும்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

டெனிஸ், ஜூலியா இருவரும் சேர்ந்து வாசித்த ஸ்லைடுகளிலிருந்து. அவை உடனே பிடித்துப்போகும். பிறகு ஓகீஃப் தனியாக வாசித்த மெதுவான மெட்டுகளுக்கு வாருங்கள். பழைய தட்டுப் பதிவு என்பதால் இரைச்சல் இருக்கும். ஒலிப்பானைக் காதுக்குள் பொருத்திக்கொண்டு இரவில் கேட்டால் அந்த இரைச்சல் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். கடைசியாகத் தொட்டில் மெட்டு. சாவி குதிரையைத் தொடும் இடம் வரும்போது உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.